ஏழாம் நம்பர் டிஷ்

ஜனவரி 6

தொலைத்தொடர்புத் துறையின் ஆணை வந்துவிட்டது. மார்ச் முடிவதற்குள் அலைக்கற்றையின் கீழ்ப் பாதியை நாங்கள் காலி செய்ய வேண்டும். டி.வி. சேனல்களை விண்ணுக்கு அனுப்பி இறக்கும் எங்களைப் போன்ற செயற்கைக்கோள்காரர்கள் தலைமுறையாகக் குடியிருந்த இடம். இனி அங்கே செல்போன் கம்பெனி குடிவருகிறது. எங்கள் சேனல்கள் எல்லாம் மேல் பாதிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

வரதன் சார் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு ஆணையை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "வேதா, இதுக்கு நீங்கதான் பொறுப்பு. எல்லா டிஷ்ஷுக்கும் ஃபில்டர் போட்டு, சேனலை மாத்தி, அவங்க டவரை ஆன் பண்ணி டெஸ்ட் பார்த்து, குறுக்கீடு இல்லன்னு நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் இந்த ஏரியாவுல அவங்க சர்வீஸைத் தொடங்க முடியும்" என்றார்.

செல்போன் கம்பெனி சார்பில் வரப்போகிறவரின் பெயரைக் கடைசியாகச் சொன்னார். தயாபரன்.

என் பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து வெண்டைக்காய் நறுக்கினேன். ஹாலில் இருந்து கிரி கேட்டார்: "என்ன, இன்னைக்கு கத்தி சத்தம் வேற மாதிரி இருக்கு?"

"மொன்னைக் கத்தி" என்றேன்.

ஜனவரி 8

வேறு தயாபரனாகவும் இருக்கலாம் என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று அவர்கள் கம்பெனியின் இணையப் பக்கத்தில் படம் பார்த்தேன். முடி கொட்டியிருக்கிறது. கண்ணாடி புதிது. சிரிப்பு அதேதான்.

ஜனவரி 12

வந்தான்.

பாஸ் தயாராகவில்லை என்று செக்யூரிட்டியிடம் சொல்லி வைத்திருந்தேன். வெயிலில் நின்றான். கண்ட்ரோல் ரூம் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டே காப்பியை மெதுவாகக் குடித்தேன். எங்கள் நிலையம் திருப்போரூருக்கு வெளியே பொட்டல் வெளியில் இருக்கிறது. ஒதுங்க டிஷ்களின் நிழலை விட்டால் வேறு கிடையாது. அவை எல்லாம் வேலிக்கு உள்ளே.

உள்ளே வந்து கும்பிட்டான். "வேதவல்லி மேடம்தானே? உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன்."

என்னைத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே ஒரு முறை என்னைப் பார்த்திருக்கிறான். அன்று நான் முகத்தைப் புடவைத் தலைப்பில் புதைத்துக்கொண்டிருந்தேன். அவன் பழக்கூடை ஒன்றை பெஞ்சில் வைத்துவிட்டுப் போனான். ஆப்பிளும் சாத்துக்குடியும்.

"உட்காருங்க சார்" என்றேன். ஏ.சி. நேராக மேலே அடிக்கும் நாற்காலியைக் காட்டினேன்.

ஜனவரி 19

இன்று ஆறு டிஷ்களுக்கு ஃபில்டர் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் முன் டிரான்ஸ்மிட்டரை நிறுத்தி, சாவியை எடுத்து, பூட்டுப் போட்டு, பூட்டில் அட்டை மாட்டி, ரெஜினாவிடம் ஒரு முறையும் என்னிடம் ஒரு முறையும் உறுதி கேட்டபின்தான் ஆள் ஏற வேண்டும். இந்த ஒழுங்கை நான்தான் இங்கே கொண்டுவந்தேன். ஷிஃப்ட் இன்ஜினியர் ரெஜினா இதற்காக என்னைக் கிண்டல் செய்வாள். "கல்யாணத்துக்குக் கூட இவ்வளவு சம்மதம் கேக்க மாட்டாங்க மேடம்."

தயாபரனுக்கு அவசரம். "கொஞ்சம் சீக்கிரமா பண்ண முடியாதா மேடம்? மார்ச் முதல் வாரம் மந்திரி வந்து தொடங்கி வைக்கிறார். எங்க எம்.டி. தேதியே குறிச்சுட்டார்."

"விதிமுறை சார்" என்றேன்.

"இந்த விதியெல்லாம் எழுதினவங்க டிஷ் பக்கத்துலயே வந்திருக்க மாட்டாங்க" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். என் பல் கூசியது.

ஜனவரி 26

விடுமுறை. எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டுப் பயனில்லை.

எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது கிரியும் என்னைப் போல இன்ஜினியர். வேறொரு நிலையத்தில் இருந்தார். அங்கே ஷிஃப்ட் தலைவன் தயாபரன். ஒரு பொங்கல் அன்று டிஷ்ஷின் நடுவே, அலை வெளியேறும் வாயில், குளவி கூடு கட்டிவிட்டது. படம் நடுங்குகிறது என்று மேலிடத்திலிருந்து போன். ஏறிச் சுத்தம் செய்ய வேண்டும். டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது அந்த வாய்க்கு நேரே முகத்தை வைத்தால் உள்ளே இருப்பது வெந்துவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, வலிக்கவும் செய்யாது.

கிரி கீழே நின்று போனில் கேட்டார்: "சார், ஆஃப் பண்ணியாச்சா?"

"ஆஃப் பண்ணியாச்சு, ஏறு."

ஆஃப் செய்யவில்லை. புதுப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கிரி கூட்டைச் சுரண்டி எடுக்கும் வரை அதன் முன்னால் நின்றார். இறங்கி வந்தவர் முகம் காய்ச்சல் கண்டது போலச் சுடுகிறது என்றார். சில மாதங்களில் பார்வை மங்க ஆரம்பித்தது. ஆபரேஷன் செய்தார்கள். ஒரு கண்ணில் சீழ் பிடித்து அது போயிற்று. இன்னொன்றில் நிழல் மட்டும் தெரியும். ஜன்னல் எங்கே இருக்கிறது என்று தெரியும். நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாது.

விசாரணை நடந்தது. "சொல்லாமல் ஏறிவிட்டான்" என்றான் தயாபரன். இதனால்தான் என்று டாக்டர்கள் எழுதித் தர மறுத்தார்கள். கிரிக்கு வேலை போனது. தயாபரனுக்குப் பதவி உயர்வு கிடைத்து, வேறு கம்பெனிக்கும் போய்விட்டான்.

கிரி இப்போது கேளம்பாக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பார்க்கிறார். எல்லா டாக்டர்களின் குரலும் அவருக்கு அத்துப்படி. அங்கே எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். தயாபரன் பெயரை அவர் எடுத்தே பல வருடம் ஆகிறது.

நான் தினமும் எடுக்கிறேன். வாய்விட்டு அல்ல.

பிப்ரவரி 4

இன்று மதியம் சாப்பிடும்போது அவனிடம் பேச்சுக் கொடுத்தேன். "இதுக்கு முன்னாடி நீங்களும் எங்க பக்கம்தான் இருந்தீங்களாமே சார்? அங்க விபத்து ஏதாவது நடந்திருக்கா?"

ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தான். "பெருசா ஒண்ணும் இல்ல மேடம். ஒரு பையன் அவனா ஏறி கண்ணைக் கெடுத்துக்கிட்டான். பேர் கூட... ஏதோ முருகன் பேரு."

அருணகிரி. முருகன் பேர் இல்லை, முருகனைப் பாடியவர் பேர். நான் அவனுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

பிப்ரவரி 11

ஏழாம் நம்பர் டிஷ்ஷுக்கு நானே ஏறி வேலையை முடித்தேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கீழிருந்து பார்த்தால் எல்லா டிஷ்ஷும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

வரும் வழியில் கீரை வாங்கினேன்.

பிப்ரவரி 13

மேஜை இழுப்பறையில் ஒரு ஃபில்டர் மிச்சமாகக் கிடக்கிறது. கம்பெனி ஒன்று கூடுதலாக அனுப்பியிருக்கும். ஸ்டோரில் இருந்த வெற்றுக் குழாய் ஒன்றைக் காணோம் என்று ஸ்டோர்காரர் தேடினார். அச்சாக ஃபில்டரின் நீளம்தான் அது. "பழைய இரும்போட போயிருக்கும்" என்றேன்.

பிப்ரவரி 20

முதல் டெஸ்ட்.

விண்ணிலிருந்து எங்களுக்கு வருவது ஒரு முணுமுணுப்பு. அத்தனை தூரம் வந்த களைப்பில் அதற்கு அவ்வளவுதான் சத்தம் இருக்கும். செல்போன் டவர் பக்கத்தில் நின்று கத்துகிற ஆள். ஃபில்டர் அந்தக் கத்தலைத் தடுத்து முணுமுணுப்பை மட்டும் உள்ளே விட வேண்டும்.

சாலை ஓரத்து டவரை ஆன் செய்தார்கள். எல்லா டிஷ்களிலும் படம் தெளிவாக நின்றது. ஏழில் மட்டும் செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, வாய் ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாகப் போய், திரை கறுத்தது.

தயாபரன் எழுந்து நின்றுவிட்டான். "மத்த எல்லாத்துலயும் ஒண்ணும் இல்லையே. இதுல மட்டும் எப்படி மேடம்?"

"அதைக் கண்டுபிடிக்க வேண்டியது நீங்க சார்."

குறுக்கீடு உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எவ்வளவு அழகாக விழுந்தது!

பிப்ரவரி 24

இரண்டாவது டெஸ்ட். அதே கதை. அவர்கள் டவரின் கோணத்தை மாற்றினார்கள், சக்தியைக் குறைத்தார்கள். ஏழு ஒப்புக்கொள்ளவில்லை.

அவன் எம்.டி. போனில் கத்தியது என் மேஜை வரை கேட்டது. தயாபரன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு "எஸ் சார், எஸ் சார்" என்றான். காதின் பின்புறம் சிவந்திருந்தது. சட்டைப் பையில் இருந்து மாத்திரை எடுத்து, தண்ணீர் இல்லாமல் விழுங்கினான். நான் தண்ணீர் பாட்டிலை என் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

"பாவம் மேடம் அவரு" என்றாள் ரெஜினா.

அவளோடு இன்று நான் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 27

மந்திரி வரும் விழா தள்ளிவைக்கப்பட்டது. பேப்பரில் சின்னதாக ஒரு செய்தி. 'தொழில்நுட்பக் காரணங்களால்.'

கிரிக்குக் காலையில் பேப்பர் வாசித்துக் காட்டுவது என் வேலை. இந்தச் செய்தியையும் வாசித்தேன்.

"உங்க ஸ்டேஷன்தானே அது? என்ன பிரச்சினை?"

"ஃபில்டர் சரியில்ல."

"ஃபில்டர் ரொம்ப சாதாரண சாமான் ஆச்சே, வேதா. அதுல என்ன கெட்டுப் போகும்?"

விளையாட்டுப் பக்கத்துக்குத் தாவினேன்.

மார்ச் 4

பாட்டுப் பாடிக்கொண்டே சமைத்தேனாம். கிரி சொன்னார். இந்த வீட்டில் நான் பாடிப் பல வருடம் ஆகிறது என்றும் சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். காரணம் கேட்டார். வெயில் குறைந்திருக்கிறது என்றேன்.

மார்ச் 6

இதை எழுதாமல் இருக்க முடியாது.

காலையில் தயாபரன் தனியாக வந்தான். சவரம் செய்திருக்கவில்லை. "இந்த மாசத்துக்குள்ள முடியலன்னா என்னைத் தூக்கிடுவாங்க மேடம். பொண்ணுக்கு மே மாசம் கல்யாணம் வெச்சிருக்கேன். ஏழுல நானே ஏறி அந்த ஃபில்டரை ஒரு தடவை பார்த்துடறேன்."

ஏறினால் வெற்றுக் குழாயைப் பார்த்துவிடுவான். மறுத்திருக்கலாம். ஆள் இல்லை, காற்று அடிக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"வாங்க சார்" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

ஏழின் கீழே நின்றோம். ஏணியில் கை வைத்தவன் திரும்பி, "ஆஃப் பண்ணியாச்சா மேடம்?" என்று கேட்டான்.

"ஆஃப் பண்ணியாச்சு, ஏறுங்க."

என் வாயில் அந்தச் சொற்கள் எவ்வளவு சுலபமாக வந்தன!

பாதி ஏணி ஏறினான். நின்றான். டிரான்ஸ்மிட்டர் அறையின் பக்கமாகக் காதைத் திருப்பினான். உள்ளே விசிறி ஓடும் சத்தம் கேட்டது. பூட்டு தொங்கவேண்டிய இடத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். இத்தனை வாரங்களில் முதல் முறையாக என்னை ஒழுங்காகப் பார்த்தான்.

படியைத் தடவித் தடவி இறங்கினான். கால்சட்டை முழங்காலில் துரு ஒட்டியிருந்தது.

"நீங்க... அருணகிரி வீட்டுக்காரம்மாவா?"

பெயர் நினைவுக்கு வந்துவிட்டது.

"ஏறலையா சார்?" என்றேன்.

கேட்டைப் பார்த்து நடந்தான். பிறகு ஓடினான். ஐம்பது வயதுக்கு மேல் ஆன மனிதன், தோளில் லேப்டாப் பை ஆட ஆட, பொட்டல் வெளியில் ஓடினான்.

டிரான்ஸ்மிட்டர் பற்றி: நிறுத்தச் சொன்னேனா இல்லையா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை.

மார்ச் 7

ரெஜினா என் அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். "நேத்து ஏழுல ஆளை ஏத்தினீங்களாமே? செக்யூரிட்டி சொன்னார். எனக்கு ஏன் சொல்லல? ஏழு முழுக்க லைவ்ல இருந்துச்சு மேடம். ஃபுல் பவர்."

"அவர் ஏறல."

"ஏறியிருந்தா?"

ஃபைலைப் புரட்டினேன். அவள் எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தாள். கடைசியில் நான்தான் எழுந்து போனேன்.

மார்ச் 9, ஞாயிறு

மாலையில் அழைப்பு மணி அடித்தது. துணி மடித்துக்கொண்டிருந்தேன். கிரி போய்க் கதவைத் திறந்தார்.

"வணக்கம்" என்றான் தயாபரன்.

ஒரு வார்த்தைதான். கிரியின் கை கதவுப் பிடியிலேயே நின்றுவிட்டது. பிறகு, "உள்ள வாங்க தயாபரன் சார்" என்றார்.

நான் எழுந்து வாசலை மறித்தேன். "வெளிய போ."

"வேதா, இரு" என்றார் கிரி. "சார், உட்காருங்க. நாற்காலி உங்களுக்கு வலது கைப் பக்கம் இருக்கும்."

உட்கார்ந்தான். கிரியின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். கிரி அவன் மூச்சைக் கேட்டபடி இருந்தார். பிறகு கேட்டார்: "அன்னைக்கு ஆஃப் பண்ணியாச்சுன்னு சொன்னீங்க. பண்ணியிருந்தீங்களா?"

"அருணகிரி, அது..."

"ஆமா இல்லைன்னு சொன்னா போதும் சார்."

வெளியே ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. அது தெரு முனை திரும்பிய பிறகுதான் பதில் வந்தது. "இல்ல. ஆன்லதான் இருந்துச்சு. பொங்கல் படம். நிறுத்தினா மேல இருந்து பிடிபிடின்னு பிடிப்பாங்க. நீ சீக்கிரம் இறங்கிடுவேன்னு நெனச்சேன்."

"நான் சொல்லாம ஏறிட்டேன்னு விசாரணையில சொன்னீங்க."

"சொன்னேன். தப்புதான். மன்னிச்சிடு."

கிரி தலையை ஆட்டினார். "சரி" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருடத்துக்கும் சேர்த்து ஒரு சரி! எனக்கு அந்த நாற்காலியோடு அவனைத் தூக்கித் தெருவில் எறிய வேண்டும் போல இருந்தது.

அவன் அத்தோடு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. குரலைத் தாழ்த்தி, "மேடம்கிட்ட நீ ஒரு வார்த்தை சொன்னா கையெழுத்துப் போட்டுடுவாங்க. அந்த ஏழாம் டிஷ்ல ஏதோ பண்ணி வெச்சிருக்காங்க. வியாழக்கிழமை என்னையும் ஏறச் சொன்னாங்க. அதே வார்த்தை, அருணகிரி. ஆஃப் பண்ணியாச்சு, ஏறுங்கன்னு" என்றான்.

கிரியின் முகம் என் பக்கம் திரும்பியது. நான் இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஆனால் என் பக்கம்தான்.

"நீங்க கெளம்புங்க சார்" என்றார்.

அவன் போன பிறகு கேட்டார்: "ஆன்ல இருந்துச்சா?"

துணியை எடுத்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

"உன்னைத்தான் கேக்கறேன், வேதா."

"ஆமா."

"ஃபில்டர்?"

"போடல. வெறும் குழாய்."

"எனக்காகன்னு சொல்லிடாத. நான் உன்கிட்ட கேக்கல. எனக்கு ஆனது இன்னொரு ஆளுக்கு ஆகணும்னு ஒரு நாள் கூட நெனச்சதில்ல. நீ அந்த ஏணி அடியில நின்னுக்கிட்டு என்ன நெனச்ச?"

என்ன நினைத்தேன்? எதுவும் நினைக்கவில்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்தது போல இருந்தது. அதைச் சொல்லவில்லை.

மார்ச் 10

கிரி பேப்பர் வாசிக்கச் சொல்லவில்லை. ஆட்டோவுக்கு அவரே போன் செய்து வேலைக்குப் போனார்.

மார்ச் 11

இன்றும்.

மார்ச் 13

அவர் என்னோடு பேசாதது இதுதான் முதல் முறை. பார்வை போன வருடத்தில்கூடப் பேசிக்கொண்டேதான் இருந்தார். ராத்திரியா பகலா, மழையா, இது என்ன நிறப் புடவை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது உப்பு வேண்டும் என்றால் கையால் தடவித் தேடி எடுத்துக்கொள்கிறார்.

எனக்குக் கோபம் வருகிறது. இவர் மேல். பாதிக்கப்பட்டவர் இவர், இவருக்காக எரிந்தவள் நான், இப்போது குற்றவாளியும் நான். அவன் ஒரு மன்னிப்பைப் போட்டுவிட்டு, மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போய்விடுவான்.

திங்கட்கிழமை சென்னையில் துறை அலுவலகத்தில் கூட்டம். குறுக்கீடு பற்றி இரண்டு தரப்பையும் கேட்கிறார்கள். அதிகாரிகள், அவன் எம்.டி., வரதன் சார், எல்லோரும் வருகிறார்கள். நான் இன்னொரு முறை 'உண்டு' என்று சொன்னால் அவன் கதை முடிந்தது.

மார்ச் 15

ஏழை நிறுத்தினேன். சாவியை எடுத்தேன். பூட்டினேன். ரெஜினாவிடம் உறுதி கேட்டேன். "ஆஃப்" என்றாள். மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னாள்.

ஏறினேன். வெற்றுக் குழாயைக் கழற்றி ஃபில்டரை மாட்டினேன். மேலே காற்று பலமாக இருந்தது. அந்த வாய்க்கு நேரே என் முகம் இருந்தபோது உடம்பு நடுங்கிவிட்டது. நிறுத்தியது நானே, பூட்டியதும் நானே, சாவி என் இடுப்பில் இருந்தது. அப்படியும் நடுங்கியது.

ரெஜினா கீழே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். இறங்கியதும் குழாயைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, "மாட்டிட்டேன்" என்றேன்.

"திங்கட்கிழமை நானும் வரேன்" என்றார் கிரி.

"எதுக்கு?"

"நீ என்ன சொல்றேன்னு கேக்கணும். அவன் என்ன சொல்றான்னும் கேக்கணும்."

மார்ச் 17

கூட்டத்துக்குத் தலைமை ஒரு பெண் அதிகாரி. நரைத்த தலை, மெல்லிய குரல். நீள மேஜையின் ஒரு பக்கம் நாங்கள், எதிர்ப்பக்கம் அவர்கள். கிரி பின்வரிசை நாற்காலியில் கோலை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்களில் ஒருவர் என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் எதுவும் கேட்கவில்லை.

தயாபரன் அவரைப் பார்த்தான். பிறகு தன் காகிதங்களைப் பார்த்தான்.

என் முறை வந்தது. எழுந்தேன்.

"குறுக்கீடு இல்லை. அவங்க டவர்ல எந்தத் தப்பும் இல்லை. ஏழாம் நம்பர் டிஷ்ல நான் வேணும்னே ஃபில்டர் போடல. பொய் அறிக்கை கொடுத்தேன். சனிக்கிழமை சரியா மாட்டிட்டேன். நீங்க இன்னைக்கே டெஸ்ட் பண்ணிக்கலாம்."

வரதன் சார் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறை. எதிரே அவன் எம்.டி. மேஜையைத் தட்டி ஏதோ கத்தினார். அதிகாரி கையை உயர்த்தி அடக்கினார்.

"ஏன் செஞ்சீங்க?"

"காரணம் மிஸ்டர் தயாபரனுக்குத் தெரியும். அவர் சொல்லட்டும்."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் வேலை பிழைத்துவிட்டது. என் வாயாலேயே பிழைத்துவிட்டது. அது அவனுக்கும் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான்.

"எனக்கு எதுவும் தெரியாது மேடம். இவங்களை ஜனவரியிலதான் முதல்ல பார்த்தேன்."

பின்னால் நாற்காலி நகரும் சத்தம். கிரி எழுந்துவிட்டார்.

"மேடம், என் பேர் அருணகிரி. நான் அவரை ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கறேன்."

"நீங்க யார்?"

"அவர்கிட்ட வேலை பார்த்தவன். இவங்க புருஷன்." கோலைத் தரையில் ஊன்றி, தயாபரனின் குரல் வந்த திசையை நோக்கி நேராக நின்றார். "சார், போன வாரம் ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல ஒண்ணு சொன்னீங்க. நான் சரின்னேன். அது நமக்குள்ள முடிஞ்சதுன்னுதான் இருந்தேன். இப்ப தெரியாதுன்னீங்களே, அதனால கேக்கறேன். அன்னைக்கு நான் ஏறறதுக்கு முன்னாடி டிரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணியிருந்தீங்களா?"

அவன் எம்.டி., "என்ன தயாபரன் இது?" என்றார்.

தயாபரன் தண்ணீர் டம்ளரை எடுத்தான். அது பல்லில் இடித்தது. கீழே வைத்தான்.

"என் பொண்டாட்டி இப்பதான் சொன்னா. வேலை போகும்னு தெரிஞ்சே சொன்னா" என்றார் கிரி. அவர் குரல் ஏறவில்லை, எக்ஸ்சேஞ்சில் பேசுகிற அதே குரல். "எவ்வளவு நேரம் ஆனாலும் நிப்பேன் சார். எனக்கு அவசரம் இல்ல."

அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"இல்ல" என்றான் தயாபரன்.

"சத்தமா சொல்லுங்க. மேடத்துக்குக் கேக்கணும்."

"இல்ல. ஆஃப் பண்ணல. விசாரணையில பொய் சொன்னேன்."

சொல்லி முடித்ததும் அழுதான். தோள் குலுங்க, எல்லோர் முன்னாலும் அழுதான். இந்தக் காட்சியைத்தான் எத்தனை தரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்! கண்ணை இமைக்காமல் பார்த்தேன். இனித்தது. இல்லை என்று இந்த நோட்டில் பொய் எழுத மாட்டேன், இனித்தது. ஆனால் அதைப் பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அழுகை ஆரம்பித்ததுமே கோலைத் தட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். நான் பின்னால் ஓடினேன்.

படியில் கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார்.

"பசிக்குது வேதா. பக்கத்துல ஹோட்டல் இருக்கா பாரு."

மார்ச் 19

எனக்கு வேலை நீக்க உத்தரவு வந்தது. எதிர்பார்த்ததுதான். வரதன் சார் போனில், "இந்த மாதிரின்னு முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். சொல்லியிருந்தால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்திருப்பார். அதனால்தான் சொல்லவில்லை.

தயாபரனை அவன் கம்பெனி கூட்டம் முடிந்த அன்று மாலையே வேலையை விட்டு அனுப்பிவிட்டது. அவன் சொன்னதைத் துறை எழுத்தில் வாங்கி, கிரியின் பழைய நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறது. மறுவிசாரணை வரலாம், வராமலும் போகலாம். ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் தனக்குத் தெரிந்த வக்கீலிடம் பேசியிருக்கிறார். கிரி அந்த வக்கீலைப் போய்ப் பார்க்கப் போகிறாராம். அவராகவே சொன்னார்.

"மன்னிச்சாச்சுன்னு நெனச்சேன்" என்றேன்.

"மன்னிக்கறது வேற. அவர் என் மேல போட்ட பொய் அப்படியே கிடந்துச்சே. அதை எடுக்கணும் இல்ல?"

மார்ச் 24

ஏணி அடியில் நின்றதைப் பற்றிக் கிரி மறுபடி கேட்டார். இந்த முறை சொன்னேன். குளிர்ந்த தண்ணீர் குடித்தது போல இருந்தது என்று. அவன் ஏறியிருந்தால் தடுத்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது என்று.

கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "தெரியாதுன்னு சொன்னியே, அது போதும் இப்போதைக்கு" என்றார்.

போதுமா என்று எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 31

ரெஜினா போன் செய்தாள். கடைசிச் சேனலையும் மேலே மாற்றிவிட்டார்களாம். கீழ்ப் பாதியில் எங்களுடையது எதுவும் இல்லை. டவர்கள் ஓடுகின்றன. ஏழில் படம் கண்ணாடி மாதிரி இருக்கிறதாம். மந்திரி நாளை மறுநாள் வருகிறாராம். "நீங்க இல்லாம நல்லாவே இல்ல மேடம்" என்றாள். கூடவே, "ஆனா பூட்டு, அட்டை எல்லாம் நான் விடாம பார்த்துக்கறேன்" என்றாள்.

வேலைக்கு இரண்டு இடத்தில் எழுதிப் போட்டிருக்கிறேன். நடந்ததை மறைக்காமல் எழுதினேன். கூப்பிடுவார்களா, தெரியாது.

மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவனை இன்னும் வெறுக்கிறேன். ஆனால் இன்று காலை கண் விழித்ததும் அவன் நினைவு வருவதற்கு முன்னால் எனக்குப் பசித்தது. எழுந்து போய் தோசை வார்த்தேன். கிரி நான்கு சாப்பிட்டுவிட்டு, பேப்பரை எடு என்றார்.